கால் எட்டாத மோட்டார்

1

என் மடத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்வது கொஞ்சம் கௌரவம். ஐந்தடி மூன்று அங்குலம் உயரமுள்ள நான், நாற்பத்தைந்தாவது வயதில், இருநூற்று நாற்பது கிலோ எடையுள்ள ஒரு மோட்டாரை வாங்கினேன். வாங்கும் முன் ஒரு முறைகூட அதில் ஏறி உட்கார்ந்து பார்க்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. விற்றவர் சிரம்பானில் பல் டாக்டர், ஆறடி ஆள். ஏறி உட்கார்ந்தால் என் கால் தரைக்கு எட்டாதது அவருக்குத் தெரிந்துவிடும், மனம் இரங்கி விற்காமல் விட்டுவிடுவார் என்று பயந்தேன். அதனால் வண்டியை இரண்டு தடவை சுற்றி வந்தேன். டயரை ஒரு உதை உதைத்தேன். மாட்டுச் சந்தையில் பல் பார்க்கிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "சரி டாக்டர்" என்றேன். அவர் கூடவே ஓர் ஆங்கிலப் புத்தகமும் கொடுத்தார். இந்த வகை மோட்டாரை எப்படி ஓட்டுவது, எப்படிப் பராமரிப்பது என்று படம் போட்டு எழுதியிருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். புத்தகம் படித்து ஓட்ட வேண்டிய வண்டியை யாராவது வாங்குவார்களா?

ஊரில் மோட்டார் என்றால் கிணற்றில் தண்ணீர் இறைப்பது. மலேசியாவில் மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள். எல்லோரிடமும் எழுபது சிசி சின்ன மோட்டார் இருக்கும். அதில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளை, ஒரு மூட்டை அரிசி எல்லாம் போவார்கள். நான் வாங்கியது அந்த ஜாதி இல்லை. பந்தயத்திலும் ஓட வேண்டும், பெட்டி படுக்கையோடு தூரப் பயணமும் போக வேண்டும் என்று இரண்டு ஆசையோடு பிறந்த வண்டி. முன்னால் காற்றைக் கிழிக்க ஒரு கூடு, பின்னால் இரு பக்கமும் சாமான் பெட்டி, நடுவில் நாலு சிலிண்டர். தொள்ளாயிரம் சிசி. என் பழைய லைசென்ஸ் எந்த அளவு மோட்டாரையும் ஓட்டலாம் என்று சொன்னது. அதைக் கொடுத்தவர்கள் என் உயரத்தை அளக்கவில்லை.

2

நான் ரெம்பாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. விடியும் முன்னால் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் வாசிப்பேன். அந்த இடத்துக்குப் பெரட்டு என்று பெயர். பத்து மணிக்கு மேல் ரப்பர் பால் நிறுப்பேன். மத்தியானம் ஆபீசில் எழுதுவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, எழுதியதில் என்ன தப்பு என்று யோசிப்பேன். மூன்று வருஷத்தில் திரும்பிவிடுகிறேன் என்று சொல்லி முசிறியில் பஸ் ஏறி, சென்னையில் கப்பல் ஏறியவன். அந்த மூன்று வருஷம் இருபத்தெட்டாகிவிட்டது. இருபத்தெட்டு முடிந்த மாதம்தான் இந்த மோட்டார் வந்தது. வேறு யாரும் எனக்கு மாலை போடப்போவதில்லை என்று தெரிந்ததால், எனக்கு நானே ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் கனமாகப் போய்விட்டது.

அதே வாரத்தில் என் மகள் மாலதி ஒரு காகிதத்தோடு வந்தாள். பத்தொன்பது வயது. செனாவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. தினமும் தன் எழுபது சிசியில் போய் வருவாள். வீட்டில் பேசுவது குறைந்துவிட்டிருந்தது. தோழிகளோடு மலாயும் ஆங்கிலமும் கலந்து படபடவென்று பேசுகிறவள், என்னிடம் வந்ததும் தந்தி கொடுப்பவள் மாதிரி வார்த்தையை எண்ணுவாள்.

"போராங் பா. கையெழுத்து வேணும்."

போராங் என்றால் விண்ணப்பப் படிவம். பினாங்கில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம். ஒன்றரை வருஷம், விடுதியில் தங்கிப் படிப்பு. முடித்தால் மெஷின்களைப் பழுது பார்க்கிற டெக்னீஷியன். பாதியில் ஓடிவிட மாட்டாள் என்று ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் இருந்தது.

"பினாங்கு எவ்வளவு தூரம் தெரியுமா?" என்றேன்.

"பஸ்ல ஏழு மணி நேரம்."

"ஒன்றரை வருஷம்னு போட்டிருக்கான். அப்புறம்?"

"அப்புறம் வேலை பா."

"எங்க?"

"வேலை எங்க இருக்கோ அங்க."

நான் காகிதத்தை வாங்கி மேசை டிராயரில் வைத்தேன். "முதல்ல இந்த மோட்டார் புத்தகத்தைப் படிச்சுச் சொல்லு. கண்ணாடி சரியில்ல, எழுத்து பொடியா இருக்கு" என்றேன். அது பொய். இருபத்தெட்டு வருஷமாக ஆங்கிலத்தில் பொடி எழுத்து எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

3

இப்படியாக, ஷிப்டு இல்லாத சாயங்காலங்களில் மாலதி ஒரு பக்கம் படிப்பாள். நான் வாசலில் நிற்கும் மோட்டாரின் மேல் ஏறி, கால் விரல் நுனியால் தரையைத் தேடிக்கொண்டு கேட்பேன். பக்கம் முடிந்ததும் "போராங்?" என்பாள். "அடுத்த பக்கம் என்ன போட்டிருக்கு?" என்பேன்.

அந்த மோட்டாரின் குணத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். நடக்கிற வேகத்தில் அது கல்யாண வீட்டுச் சாம்பார் அண்டா. பெட்ரோல் டேங்க் உயரத்தில் இருப்பதால் எடையெல்லாம் மேலே. ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் திருப்பின பக்கமே சாயப் பார்க்கும். தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு நடுவே செம்மண் பாதையில் ஒரு நாயைச் சுற்றிப் போவதற்குள் எனக்கு வியர்த்துவிடும். நாய்க்கும்தான்.

அதே வண்டி பெரிய ரோட்டில் ஏறி அறுபதைத் தாண்டியதும் எடை எங்கேயோ போய்விடும். எண்பதில் ரோட்டில் உள்ள குழியைக் கடிதம் போட்டுத் தெரிவிக்கும், அவ்வளவுதான். காற்று தலைக்கு மேலே போகும். கையைச் சும்மா வைத்திருந்தால் போதும், கோடு போட்ட மாதிரி ஓடும்.

வளைவுதான் சிக்கல். ஒரு நாள் மாலதி படித்தாள்: "வலது பக்கம் திரும்ப, வலது கைப்பிடியை முன்னால தள்ளணுமாம்."

"தப்பா படிக்கிற. தள்ளினா சக்கரம் இடது பக்கம்ல போகும்?"

"இடது பக்கம் போகப் பார்க்கும், வண்டி வலது பக்கம் சாயும், சாய்ஞ்சா திரும்பும். அப்படித்தான் போட்டிருக்கான்."

"நான் முசிறில அரை சைக்கிள் வாடகைக்கு எடுத்து, கம்பிக்குள்ள காலை விட்டு குரங்குப் பெடல் அடிச்சவன். எனக்கு அவன் சொல்லித் தரானா?"

"நீங்க அப்பவும் இதைத்தான் செஞ்சிருப்பீங்க. தெரியாம செஞ்சிருப்பீங்க."

மறுநாள் பெடாஸ் ரோட்டில் போய்ப் பார்த்தேன். மெதுவாகத் தள்ளினேன். இருநூற்று நாற்பது கிலோவும், சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி சாய்ந்து திரும்பியது. திரும்பி வந்து மாலதியிடம் "கொஞ்சம் சரியாத்தான் எழுதியிருக்கான்" என்று மட்டும் சொன்னேன். முழுத் தோல்வியை ஒப்புக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை.

இன்னொரு பாடம்: வளைவில் எங்கே போக வேண்டுமோ அங்கே பார்க்க வேண்டும். பயந்து பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போகும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கைப் பிடித்தால் வண்டி நிமிர்ந்து நேராக ஓடும். பிடிக்கிறதெல்லாம் நுழைவதற்கு முன்னால் பிடித்துவிட வேண்டும். உள்ளே போனபின் விட்டுவிட வேண்டும். இதை அவள் இரண்டு தடவை படித்தாள். எழுத்து அழகாக இருந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

4

பெரட்டுக்கு நடந்து போகலாம், எண்பது அடி தூரம். ஆனால் எழுபது பேர் வரிசையில் நிற்கும் இடத்துக்கு இப்படி ஒரு மோட்டார் வைத்திருப்பவன் நடந்து போவானா? ஒரு காலையில் ஓட்டிக்கொண்டு போனேன். முகப்பு விளக்கு எல்லார் முகத்திலும் விழுந்தது. சினிமாவில் வருவது மாதிரி அரைவட்டம் அடித்து நிறுத்தினேன். இடது காலை ஊன்றினேன். அந்த இடத்தில் தரை நாலு விரல்கடை பள்ளம்.

விழுந்தது என்று சொல்ல முடியாது. மிகவும் மரியாதையாக, நிதானமாகப் படுத்தது. நானும் கூடவே போனேன். இருநூற்று நாற்பது கிலோ சாய ஆரம்பித்தபின் அதை நிறுத்த முயல்வது வீண் என்று புத்தகத்தில் பதினெட்டாம் பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் அதுவரை பதினைந்துதான் படித்திருந்தோம்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நாலு பேர் வந்து தூக்கி நிறுத்தினார்கள். நான் மண்ணைத் தட்டிவிட்டு, பேர்ப் புத்தகத்தைத் திறந்து, ஒன்றும் நடக்காதவன் மாதிரி பேர் வாசித்தேன். வரிசையின் கடைசியில் நின்ற அஞ்சலை, ரப்பர் மரம் சீவுவதில் எங்கள் தோட்டத்திலேயே கெட்டிக்காரி, தன் பேருக்கு "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, "மோட்டாருக்கும் பேர் போட்டுடுங்க கிராணி, அதுவும் பெரட்டுக்கு வந்து படுத்துருச்சு" என்றாள். அதற்குப் பிறகு எழுபது பேரும் சேர்ந்து சிரித்தார்கள். மண்டோர் பெருமாள், தொழிலாளிகளை மேய்க்கிற கண்டிப்பான ஆள், திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி லெட்சுமிக்குச் செய்தி முன்னமே போயிருந்தது. அவள் இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் வேலை. "என்னாங்க, அடி பட்டுச்சா?" என்றாள்.

"இல்ல."

"கொட்டகைல ஒரு ஸ்டூல் இருக்கு. பிள்ளைங்க கை கழுவ ஏறி நிக்கிறது. வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க, எறங்குறதுக்கு."

5

இப்போது விலை. இதை எழுதச் சொல்லி ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார், அவரும் வாங்கும் ஆசையில் இருக்கிறாராம். தம்பி, வண்டிக்குக் கொடுக்கும் விலை கல்யாணத்தில் பத்திரிகை அடிக்கிற செலவு மாதிரி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

சாலை வரி இஞ்சின் அளவைப் பார்த்துப் போடுகிறார்கள். இன்சூரன்ஸ்காரர் என் வயதைக் கேட்டார், வண்டியைக் கேட்டார், பிறகு வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டார். பெரட்டில் படுத்தபோது உடைந்த மஞ்சள் சிக்னல் விளக்கு ஜப்பானிலிருந்து வர ஆறு வாரம். அதுவரை இடது பக்கம் திரும்ப நான் கையை நீட்டினேன். கையை நீட்டினால் கிளட்ச்சைப் பிடிக்க முடியாது. அதனால் கொஞ்ச நாள் வலது பக்கமாகவே திரும்பி ஊர் போய்ச் சேர்ந்தேன்.

பின் டயர்தான் பெரிய அடி. சாலையைப் பற்றிக்கொள்ள மிருதுவான ரப்பரில் செய்திருக்கிறான், பற்றிக்கொண்டே தேய்ந்துபோகும். நேர் ரோட்டிலேயே ஓடினால் நடுவில் மட்டும் தேய்ந்து சப்பையாகிவிடும். அப்புறம் வளைவில் முதலில் சாயவே மாட்டேன் என்று அடம் பிடித்து, பிறகு பொத்தென்று சாயும். வண்டிக்கு என்ன வியாதி என்று சிரம்பானில் சீன மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரிந்த மலாயில் பொறுமையாகச் சொன்னார்: "மோட்டார் நல்லாருக்கு. டயர் செத்துப்போச்சு." விலையைச் சொன்னதும் நான் உட்கார்ந்தேன். இந்தத் தடவை கால் எட்டியது, ஸ்டூல்தான்.

அந்த டயருக்கு அஞ்சலை எத்தனை நாள் மரம் சீவ வேண்டும் என்று திரும்பி வரும் வழியில் மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

இன்னும் செயின், பிரேக் கட்டை, நாலு கார்புரேட்டரையும் ஒரே மூச்சில் இழுக்கவைக்க ஒரு கூலி. பணமில்லாத செலவும் உண்டு. குனிந்து உட்காருவதால் மணிக்கட்டு வலி. வெயிலில் சிக்னலில் நின்றால் முழங்காலில் இஞ்சின் சூடு. ரெம்பாவ் சந்தையில் லெட்சுமி வாங்கித் தந்த கீரையைச் சாமான் பெட்டியில் வைத்து எடுத்து வந்தேன், பெட்டிக்குக் கீழே புகைக்குழாய். வீட்டுக்கு வந்து திறந்தால் பாதி வெந்திருந்தது. "உப்பு போட்டீங்களா?" என்று கேட்டாள்.

6

கையெழுத்து ஏன் போடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். மாலதி வாரா வாரம் கேட்டாள். நான் வாரா வாரம் ஒரு வேடிக்கை சொன்னேன். பேனாவில் மை இல்லை என்றேன். பினாங்கில் மழை அதிகம் என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுப் போவாள்.

என் அப்பாவிடம் நான் பாஸ்போர்ட்டுக்குக் காகிதம் நீட்டியபோது எனக்குப் பதினேழு வயது. அவர் களத்தில் நின்றுகொண்டிருந்தார். எங்கே, எத்தனை நாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முதுகைத் திருப்பி, அதன்மேல் காகிதத்தை வைத்து, கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. எனக்கு அது ரொம்ப நாள் ஆறவில்லை. கொஞ்சம் யோசித்திருக்கலாமே, ஒரு நாள் வைத்திருந்து கொடுத்திருக்கலாமே என்று கப்பலில் ஏழு நாளும் நினைத்தேன். என் மகளுக்கு அப்படி இருக்கக்கூடாது என்று நான் வைத்திருந்து பார்த்தேன். இது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம். இன்னொரு காரணம், மூன்று வருஷம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

7

கடைசித் தேதி வெள்ளிக்கிழமை வந்தது. மாலதி விடிகாலையிலேயே ஷிப்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்குக் கேட்கவும் இல்லை. பெரட்டு முடிந்து வந்து டிராயரைத் திறந்தேன். இனி வேடிக்கை சொல்ல ஆள் இல்லாததால் கையெழுத்துப் போட்டேன். என் அடையாள அட்டை எண்ணையும் எழுதினேன். தபாலில் போனால் சேராது, பயிற்சி நிலையத்தின் சிரம்பான் ஆபீசில் நேரில் கொடுக்க வேண்டும். துரையிடம் அரைநாள் லீவு கேட்டுவிட்டு மோட்டாரை எடுத்தேன்.

லெட்சுமி வாசலுக்கு வந்தாள். காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சிரம்பானுக்கா?"

"இன்னிக்குக் கடைசி நாள். நான் போய்க் குடுத்தாத்தான் உண்டு."

என்னவோ சொல்ல வந்தவள் மாதிரி வாயைத் திறந்தாள். பிறகு, "மெதுவா போங்க" என்றாள்.

அன்றைக்கு ஓட்டினதுதான் ஓட்டு. பெடாஸ் தாண்டி வளைவு வளைவாக வரும் இடத்தில், முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்து, தள்ள வேண்டிய கையைத் தள்ளினேன். ஒரு வளைவில் சாய்ந்து நிமிர்வதற்குள் அடுத்த வளைவு வந்து நின்றது. எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்றைத் தாண்டினேன். காற்று தலைக்கு மேல் போனது. சட்டைப் பையில் போராங் நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை செலவும் இதற்குத்தான் என்று நினைத்தேன். தன் மகளுக்காக நேரத்தோடு ஓடுகிற தகப்பன், அதற்குத் தகுந்த வண்டி. கண்ணாடியில் என் முகத்தைக்கூட ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண், மாலதி வயதுதான் இருக்கும். காகிதத்தைப் படித்தாள். "பாக்சிக், அட்டையைக் காட்டுங்க" என்றாள். பாக்சிக் என்றால் மாமா. காட்டினேன். "இது சிவப்பு. தாக் போலே."

தாக் போலே என்றால் முடியாது. இங்கே குடிமகனுக்கு நீல அட்டை. இருக்க மட்டும் அனுமதி உள்ளவனுக்குச் சிவப்பு. ஜாமீனுக்கு நீலம் வேண்டும். நானும் ஒரு காலத்தில் நீலத்துக்கு மனுப் போட்டேன். மலாயில் பேசிக் காட்டச் சொன்னார்கள். சீனன் கடையில் மீன் வாங்கிக் கற்றுக்கொண்ட மலாயில் அதிகாரியை நீ, வா, போ என்று பேசிவிட்டு வந்தேன். அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. போகாததால் ஒன்றும் குறையவில்லை என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் நகராமல் நிற்பதைப் பார்த்து அந்தப் பெண் பெயரை மறுபடி படித்தாள். ஒரு பட்டியலை எடுத்து விரலால் தேடினாள். "மாலதி, ரெங்கசாமி மகள்? இவங்க போராங் போன மாசமே வந்திருச்சு. ஜாமீன், லெட்சுமி. அம்மாவா? நீல அட்டை. எல்லாம் சரியா இருக்கு. இடம் கிடைச்சிருச்சு." காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். "இதை நீங்களே வச்சுக்கங்க, பாக்சிக்."

திரும்பும் வழியில் செனாவாங் தொழிற்சாலை வாசலில் நிறுத்தினேன். ஷிப்டு விட்டு நூற்றுக்கணக்கான சின்ன மோட்டார்கள் வெளியே வந்துகொண்டிருந்தன. என் மோட்டாரைச் சுற்றி நாலு பையன்கள் நின்று டயரைப் பார்த்தார்கள். மாலதி என்னைக் கண்டு, தன் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அம்மா போட்டுட்டாளா?"

"ஆமா, வேற போராங்ல."

"என் கையெழுத்து செல்லாதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. போராங்லயே இருந்திச்சு."

"அப்புறம் எதுக்குடி வாரா வாரம் என்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்த?"

அவள் ஹெல்மெட்டை மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இழுத்துக் கட்டினாள்.

"கேக்காம போறது நல்லாருக்காதுலா, பா."